இடப்பக்கம் திரும்பினால்...

முதுகு கழன்றுவிடும்போல் வலித்தது. காலையிலிருந்து வண்டிகளுக்கு அடியிலேயே கிடந்தவள் வெளியே உருண்டு வந்தாள். முதலில் தெரிந்தது, மழையில் நனைந்த ஒரு ஜோடிச் செருப்பு. அப்புறம்... இரண்டு கண்கள். கோபத்திலும் அழகாயிருந்து தொலைத்த கண்கள்!

"மெக்கானிக் இல்லையா?"

"உங்க முன்னாடிதான் இருக்கேன்."

"நீங்களா? பில் போடறவங்க, ஏதோ தேடறீங்கன்னு நெனச்சேன்..."

அவளுக்குச் சுர்ரென்றது.

அவன் கணக்கு வாத்தியார். அவன் காருக்கு இருபது வயது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி துள்ளும், நின்றுவிடும். பட்டறைக்காரரான அவள் அப்பா மூன்று முறை சென்சாரை மாற்றிவிட்டார்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுங்க சார்," என்றார் அப்பா.

"ஒரு மணி நேரம் குடுங்கப்பா. நான் பாக்கறேன்."

"எனக்கே அகப்படாதது உனக்கு அகப்படுமா? கிடைக்கலேன்னா ஸ்பேனரைத் தொடக்கூடாது. பில்லு மேசைதான். சம்மதமா?"

கையைத் துடைத்துக்கொண்டாள். "சம்மதம்."

வாத்தியார் ஒரு நோட்டை நீட்டினான். விளக்கு எரிந்த தேதி, நேரம், வேகம்... எல்லாம் கட்டம் போட்டு!

"எப்போன்னு இருக்கு. எங்கேன்னு இல்லையே?"

"ஸ்கூல் வளைவு... ஆஸ்பத்திரி முனை... எங்க வீட்டுச் சந்து..."

"எல்லாமே இடப்பக்கம் திரும்பற இடம்!"

எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டாள். விறைப்பாக இழுத்துக் கட்டிய சென்சார் ஒயர். கறுப்பு டேப், மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு. சென்சாரை மாற்றும்போது அப்பா போடும் கட்டு! வண்டி திரும்பும்போது எஞ்சின் சாய்கிறது, ஒயர் இழுபடுகிறது, உள்ளே கம்பி அறுந்து அறுந்து ஒட்டுகிறது. சென்சார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அறுந்ததை இணைத்து, தொய்வாக விட்டாள். கொட்டும் மழையில் பத்து இடப்பக்கத் திருப்பம். பக்கத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். விளக்கு கண் சிமிட்டவே இல்லை!

அப்பா அந்த டேப் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தன் ஸ்பேனர் பெட்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பில்லு மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

"மூணு தடவை வந்தேங்க," என்றான் அவன் மெல்ல. "ஏதோ வண்டிக்கு அடியில ரெண்டு காலைத்தான் பாத்தேன். முகத்தை இன்னிக்குத்தான்... இனிமே வண்டி கெடாதே, என்ன சாக்கு சொல்லி வர்றது?"

"சாக்கு எதுக்கு?" கிரீஸ் கன்னத்தில் சிவப்பு ஏறியது. "எனக்கும்... பிடிச்சிருக்கு. வாங்க. ஆனா பில் போடறவங்கன்னு சொன்னதுக்கு மன்னிப்பு பாக்கி!"

அவன் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பிப் போனான். மன்னிப்பு இன்னும் பாக்கிதான்.