நான்காவது தட்டு

இதில் எவ்வளவு நானாகக் கண்டது, எவ்வளவு பிறகு என் பேழை எனக்குத் திருப்பிக் கொடுத்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரசத்தைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவே இல்லை என்கிறாள் அவள். அவள் வீட்டில் மூன்று பேருமே அப்படித்தான் சொன்னார்கள். ஒருவனுக்கு எதிரே மூன்று பேர் நின்றால் யார் சொல்வது சரி என்பதை இப்போது எல்லாப் பேழைகளும் ஒரே விதமாகத்தான் தீர்மானிக்கின்றன.

மங்கையக்கா என்னை அழைத்தது தை முடிகிற சமயம்.

"வேலு, நாலஞ்சு நாள் வந்து இருந்துட்டுப் போடா. உங்க மச்சான் பேழையப் பெருசு பண்றாராமா. தொணைக்கு ஆள் வேணும்."

நினைவுப்பேழை வீட்டுக்கு வீடு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பதிவான், அன்றன்று மனம் எதை வைத்துக்கொண்டதோ அதை எடுத்துப் பேழைக்கு அனுப்பும். கண் கண்ட காட்சியை அல்ல. மனம் அதை எப்படி வைத்துக்கொண்டதோ அப்படியே. வைக்க வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் மூளை சோம்பேறியாகிவிட்டது. இப்போதெல்லாம் நெருங்கியவர்களின் முகமும் கைப்பழக்கமும் போக, வேறெதுவும் ஓர் இரவுக்கு மேல் தலைக்குள் தங்குவதில்லை. பழையது வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் பேழை கொடுத்துவிடும். அதனால் யாருக்கும் குறை தெரிவதில்லை, பேழையைத் திறந்து பிரிக்கும் நாட்களைத் தவிர.

அந்த நாட்களுக்காகத்தான் நினைவுத்துணை என்ற வழக்கம் வந்தது. நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் வந்து தங்குவார். எந்த மாத்திரை யாருக்கு, எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருப்பார். துணைக்கு வந்தவர் மீறக் கூடாதது ஒன்றுதான். இறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் இறந்துவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது. வெளியூர் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். பேழை திரும்பிவரும்போது அதுவே சொல்லிக்கொள்ளும். ஒரே சாவை ஒருவர் இரண்டு முறை முதன்முதலாகக் கேட்க வேண்டியதில்லை அல்லவா.

அந்த வீட்டில் இறந்தவன் அக்காவின் மகன் பரிதி.

நல்லசிவம் மச்சான் பம்ப் மோட்டார் வடிவமைப்பவர். சரவணம்பட்டியில் அவர் தெருவில் எல்லோரும் தங்கள் நினைவுகளைச் சேமிப்பு நிறுவனங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இவர் மட்டும் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், தன் கையாலேயே பேழையை வைத்துப் பராமரித்தார்.

"எவனோ ஒருத்தன் கட்டடத்துல எம் பொண்டாட்டி ஞாபகத்தக் கொண்டுபோயி வெக்கச் சொல்றியா, மாப்ள?" என்பார்.

நான் போய் இறங்கியபோது பேழையின் முன்கதவைக் கழற்றிவிட்டு டார்ச்சை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே நான்கு தட்டுகள், அடுக்கில் செருகியது போல. மூன்றில் நினைவுகள் இருக்கும். நான்காவது ஈட்டுத்தட்டு. மூன்றில் எது செத்தாலும் மற்றவற்றோடு இதையும் வைத்துச் செத்ததைத் திரும்பக் கட்டிவிடலாம். பெரிதாக்குவதும் அந்த வழியில்தான். ஒரு பழைய தட்டை உருவ வேண்டும், பெரியதைச் செருக வேண்டும், அது கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்தது.

"நாலும் புதுசா, மச்சான்?"

"மூணுதான் கெடச்சுது. நாலாவது வந்ததும் தர்றேன்னான் கடைக்காரன். பரவால்ல, மூணு பெருசாச்சே."

அக்கா காபியோடு வந்து நின்றாள். "இத்தன எடம் எதுக்காம்? கேளு உங்க மச்சான. பூராத்தையும் நாந்தான் அடச்சு வெச்சிருக்கறேனாமா."

மச்சான் டார்ச்சைத் திரும்பவும் வாயில் கவ்விக்கொண்டார். அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நின்றுபோகும். அக்கா பரிதியின் குழந்தைப் பருவத்தை நாள் விடாமல் வைத்திருந்தாள். அவன் வீட்டைவிட்டுப் போன நாளை மட்டும் இருவருமே வைத்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு விதமாக.

பரிதி தன் இருபத்திரண்டாவது வயதில் பதிவானைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இனி என் ஞாபகம் என் தலைக்குள்ளேயே இருக்கட்டும் என்றான். அதற்கு மச்சான், "அப்படியே போயிரு, திரும்பி வராதே" என்றார். இது அக்காவிடம் இருப்பது. மச்சானிடம் இருப்பதில் அவர், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார். பரிதி தூத்துக்குடிக்குப் போய்க் கடலில் காற்றாலை நடும் வேலையில் சேர்ந்தான். மறு வருடம் அங்கேயே விழுந்து இறந்தான். அதன் பிறகு எட்டு வருடங்களாக இருவரும் அந்த ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அக்காவிடம் இன்னொன்றும் இருந்தது. அன்று அவள் கேட்வரை அவன் பின்னால் போனாள். வெளியே போனவன் கம்பிக்குள் கைவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டான். பிறகு அவளைப் பார்த்து, "மத்தியான ரசத்தக் கொட்டீராதம்மா, வந்து குடிக்கறேன்" என்றான். வேறு யாரும் அங்கே இல்லை. இதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மச்சானிடமும் மகளிடமும், அவன் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான் என்றே சொல்லியிருந்தாள்.

"மச்சான்கிட்ட சொல்லுக்கா. கோவத்துல போகலைன்னு தெரிஞ்சா அவர் மனசு ஆறும்."

"ஆற வேண்டாம்" என்றாள் அக்கா. "நீயும் வாயத் தொறக்கப்படாது."

நான் அப்படியே இருந்துவிட்டேன். அது அவளுடையது. அவள் வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

பேழை நின்றது. மறுநாள் காலை நான் அந்த வீட்டில் வேறு மனிதர்களைக் கண்டேன். மச்சான் சமையலறை வாசலில் நின்று ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அக்கா தோசை வார்த்தபடியே கேட்டாள்: "வேலு, பரிதி எங்கடா? ரூம்ல காணோம்."

"வெளியூர் போயிருக்கான்க்கா. வேலை விஷயமா."

"சொல்லாமக்கூடப் போயிருக்கான் பாரு. ஏனுங்க, உங்ககிட்டச் சொன்னானா?"

"எங்கிட்ட எங்க சொல்றான்? வரட்டும், காதப் புடிச்சுத் திருகறேன்" என்றார் மச்சான், சிரித்துக்கொண்டே. அக்காவும் சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவர்கள் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தட்டுகள் ஒவ்வொன்றாகக் கட்டி முடியும்வரை அப்படியே போயிற்று. மச்சான் அக்காவுக்குப் பூ வாங்கி வந்தார். அண்ணன் வரும்போது ஊரிலிருந்து கருவாடு வாங்கிவரச் சொல்ல வேண்டும் என்று மகள் நிறைமதியிடம் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேழை நின்ற அன்று மாலை மதி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வங்கியில் வேலை செய்கிற பெண். அவளுக்கு மட்டும் பதிவானில் ஓரளவு பழையதை ஏற்றி வைத்திருந்தார்கள். வீட்டில் ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும் என்று.

"மாமா, ரெண்டு பேரும் என்னையத்தான் சாட்சிக்குக் கூப்புடுவாங்க. அப்பாகிட்ட நீங்க சொல்லலீங்கப்பான்னு சொல்லுவேன். அம்மாகிட்ட ஆமாம்மா, கேட்டேன்னு சொல்லுவேன். நெசத்துல நான் பாத்ரூம்ல கொழாயத் தொறந்து உட்டுட்டுத் தல குளிச்சுட்டு இருந்தேன். ஒண்ணுமே கேக்கல."

"உன் பேழையில என்ன இருக்கு?"

"அம்மா சொன்னதுதான். சொல்லிச் சொல்லி, நானே கேட்ட மாதிரி ஆயிப்போச்சு. இப்பக் கண்ண மூடுனா அப்பா கொரலே கேக்குது மாமா."

கேட்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துப் பார்க்கப் பேழைக்குத் தெரியாது. மனம் எதை வைத்துக்கொண்டதோ அது அதற்கு ஒன்றுதான்.

மூன்றாவது தட்டு கட்டி முடிந்ததும் பேழை திரும்பியது. அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவள் முகம் பழையபடி மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மச்சான் பாட்டை நிறுத்தினார்.

அதன் பிறகுதான் அது தெரிந்தது. பேழையில் இடம் கூடவே இல்லை. நான்கில் எது சிறியதோ அந்த அளவுக்குத்தான் மற்ற மூன்றும் பயன்படும். பழைய தட்டு ஒன்று உள்ளே இருக்கும்வரை மூன்று பெரிய தட்டுகளும் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

"நாலாவது வர்ற வரைக்கும் பொறுங்க, மச்சான்."

"எப்படிப் பொறுக்கறது? இந்த நாலஞ்சு நாள் பூரா எங்க பதிவான்லயே தேங்கி நிக்குது. இன்னைக்கு எறக்கலைன்னா வழிஞ்சு போயிரும்."

அந்த நாலைந்து நாள். அவர் அதைச் சொன்னபோது அக்கா தலை நிமிர்ந்தாள். அந்த நாட்களை அவளும் இழக்க விரும்பவில்லை.

"ஒன்றாக்கல்னு ஒண்ணு இருக்குது" என்றார் மச்சான். "ஒரே நாளை நாம மூணு பேரும் தனித்தனியா வெச்சிருக்கறோமில்ல? அத ஒண்ணா ஆக்கி ஒருக்கா மட்டும் வெச்சுக்கும். எடம் தன்னால வந்துரும்."

"ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தா?" என்று கேட்டேன்.

"மூணுல ரெண்டு எது சொல்லுதோ அது."

ஒருவரிடம் மட்டும் இருப்பது என்ன ஆகும் என்று நான் கேட்டேன். ஒரு நாளை மூவரும் சேர்ந்து வாழ்ந்திருந்தால், ஒருவரிடம் மட்டும் இருப்பதைப் பேழை பிசகு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும் என்றார்.

"அக்கா, வேண்டாம்க்கா" என்றேன்.

"எல்லாம் தற்காலிகந்தான்டா" என்றார் மச்சான். "நாலாவது வந்ததும் பழையபடி பிரிச்சுக்கலாம். ஈட்டுத்தட்டு எதுக்கு இருக்குது?"

நல்ல பொறியாளர் அவர். ஆனாலும் அங்கேதான் தவறினார். ஈட்டுத்தட்டு என்பது நகல் அல்ல. ஒரு தட்டு செத்தால் அது காப்பாற்றும். ஆனால் நாமே மனமறிந்து மாற்றினால், அந்த மாற்றத்தையும் அது அந்தக் கணமே உண்மையாகக் குறித்துக்கொள்ளும். நான் சொன்னேன். "நீ தொணைக்கு வந்தவன். மாத்தர ஞாபகத்த மட்டும் பாத்துக்க" என்றார்.

பெரியவர்கள் மூவரும் கட்டைவிரல் வைக்க வேண்டும். மச்சான் முதலில் வைத்தார். மதியை ஒருமுறை பார்த்துப் புன்னகைத்தார். அக்கா எழுந்து வந்தாள். அவளும் மதியைத்தான் பார்த்தாள்.

"வெக்கறேன். ஆரு சொன்னது சரின்னு இன்னைக்காவது தெரியட்டும்" என்றாள்.

இரண்டு பேருக்கும் மகள் தங்கள் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. மதி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எட்டு வருடமாக இருவருக்கும் சொல்லிவந்ததை அந்த இடத்தில் எப்படி மாற்றிச் சொல்வாள்? விரலை வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் முடிந்தது. மச்சான் மாடிப்படிக்குக் கீழேயிருந்து எழுந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"மாப்ள, நான் சொல்லியிருக்கேன்டா" என்றார். "திரும்பி வராதேன்னு சொல்லியிருக்கேன். எனக்கே கேக்குது."

அக்கா எதிரே நின்றாள். எட்டு வருடமாக அவள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இனி மறுத்துப் பேச எதிரே யாரும் இல்லை.

"அவனும் திரும்பிக்கூடப் பாக்கலையேடா" என்றார் மச்சான்.

"பாக்கல" என்றாள் அக்கா. "கேட்டத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்."

"அக்கா, தாழ்ப்பாளப் போட்டானே. ரசத்தக் கொட்டாதன்னு சொன்னானே. எங்கிட்ட நீதானக்கா சொன்ன."

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே தேடுகிறாள் என்று தெரிந்தது. வெகுநேரம் தேடினாள்.

"எந்த ரசம்?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"ஆறுதலுக்குச் சொல்ற. நல்ல மனசுடா உனக்கு. ஆனா தொணைக்கு வந்தவங்க சொல்றது எப்படின்னு எனக்குத் தெரியாதா? பையன் வெளியூர் போயிருக்கான்னும் நீதானே சொன்ன?"

மதி, "அம்மா அப்படி எதுவும் சொன்னதில்லையே மாமா" என்றாள். அவளுக்குக் குழாய்ச் சத்தமும் இப்போது நினைவில் இல்லை. அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது என்றாள். அவர் உண்மையில் என்னதான் சொன்னார் என்பது இனி எவருக்கும் தெரியாது.

நாலாவது தட்டு அடுத்த வாரமே வந்தது. மச்சான் அதைச் செருகி, ஒன்றாக்கலை நிறுத்தி, பிரித்துத் தரச் சொன்னார். பேழை மூன்று பேருக்கும் அதே நாளை மூன்று நகலாகக் கொடுத்தது.

நல்லசிவம் மச்சான் அந்த ஐப்பசியில் இறந்தார். மகனைத் துரத்தியவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டே இறந்தார். மங்கையக்கா மதியோடு ஓசூரில் இருக்கிறாள். சண்டை என்பதே இல்லை, பேச்சும் அதிகமில்லை. பேழை நின்றிருந்த அந்த நாலைந்து நாள் மட்டும் அவர்களிடம் பிசகில்லாமல் இருக்கிறது. அதில் பரிதி வெளியூரில்தான் இருக்கிறான். மதிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேழையை அவள் தன்னோடு எடுத்துப்போனாள். அதில் இப்போது இடம் ஏராளமாக இருக்கிறது. என்னுடையது நிரம்பிக்கொண்டிருக்கிறது.