கருக்களாச்சேரிக்கு வராத புயல்

மாலை 5.00. அம்மன் கோயில் பூட்டு உடைந்து கிடந்தது. அம்மன் கழுத்தில் இருந்த பொன் பொட்டுத் தாலியைக் காணவில்லை. ஐந்தே காலுக்கெல்லாம் டீக்கடை நெய்னா முகம்மதுவின் சட்டையை நாலு பேர் பிடித்துவிட்டார்கள்.

வினையே செய்தித்தாள்தான். 1956 பங்குனி மாதத்தின் அந்தக் காலை, ஒன்பது மணிக்கு, நெய்னா வழக்கம்போல் கொட்டை எழுத்துத் தலைப்பை மட்டும் உரக்கப் படித்தார்: 'இன்று கடும் புயல்! கடலோர மக்கள் உடனே வெளியேற உத்தரவு!' வானத்தில் துளி மேகம் இல்லை. கடலிலேயே பிறந்து வளர்ந்த ஆட்கள், அச்சில் வந்துவிட்டதே என்று கிளம்பிவிட்டார்கள். ஒருவன் வீட்டுக் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டான். ஒருத்தி ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டே போனாள். மணலில் பரப்பியிருந்த கருவாட்டை மட்டும் அத்தனை பேரும் அப்படியே விட்டுவிட்டார்கள். கடலை விட்டுத் தள்ளியிருந்த சுரக்குடியில் பகலெல்லாம் வெயிலில் வெந்துவிட்டுத் திரும்பினால், இந்தத் திருட்டு.

ஏட்டு சிதம்பரநாதன் தாளைப் புரட்டினார். "மேல கிழிஞ்சிருக்கு, தேதியக் காணோம். இது நாலு வருசம் முன்ன அடிச்ச புயல் சேதிய்யா. ஊரைக் கிளப்பிவிட்டுட்டு கோயில்ல கை வச்சியா?"

"நானும் ஊரோடதாங்க போனேன்."

"பேப்பர் கொண்டாந்தது யாரு?"

"லோகாம்பாள். ரயிலடியில கூடையை ஏத்திவிட்டு வரையில தினம் வாங்கியாரும்."

கருவாட்டு வியாபாரி லோகாம்பாள் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தாள். கருவாடு சலசலவென்று உள்ளே விழுந்தது. "குடுத்தாங்க, வாங்கியாந்தேன். படிச்சது பாய்தானே? இழுத்துட்டுப் போங்க."

"ஆறு மணிக்கு ஜீப் வரும்" என்றார் ஏட்டு. கடையைக் கொளுத்து என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

நெய்னாவின் மனைவி ஆஸியா பீவி கூட்டத்தைப் பார்த்தாள். இருபது வருடமாக அவள் சுட்ட வடையைத் தின்ற வாய்கள்தான் இவை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கருவாடு காயும் மணலுக்குப் போனாள். மீனவன் முத்தையன் பரப்பியதில் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். பிறகு அல்லி வீட்டுக் கருவாடு. அடுத்து இன்னும் மூன்று வீடு. கடைசியாக லோகாம்பாள் சாக்குக்குள் கையை விட்டாள்.

மாலை 5.40.

"லோகாம்பா, எப்பக் கிளம்புனே?"

"எல்லாரோடயும். ஒம்பதரைக்கு."

"திரும்புனது?"

"எல்லாரோடயும்தான். அஞ்சுக்கு."

"நடுவுல வரலை?"

"வரலை. கேக்க நீ யாரு?"

ஆஸியா ஏட்டைப் பார்த்துத் திரும்பினாள். "உச்சி வெயில்ல கருவாட்டைத் திருப்பிப் போடுறது இந்த ஊர் வழக்கம்ங்க. இன்னைக்குத் திருப்ப ஆளில்ல. முத்தையன் கருவாட்டைப் பாருங்க. மேல காஞ்சிருக்கு, அடியில ஈரம், புழு வேற. எல்லார் வீட்டுதும் அப்படித்தான். இவளுது மட்டும் ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு காஞ்சிருக்கு. திருப்புனது யாரு?"

லோகாம்பாள் அவசரமாகச் சாக்கின் வாயைக் கட்டப் போனாள்.

"பாதி வழியில திரும்பி வந்துட்டா. பூட்டை உடைச்ச கை, கருவாட்டைப் பார்த்ததும் சும்மா இருக்கல. பழக்கம். பொட்டலம் கட்ட பழைய பேப்பரை எடைக்கு வாங்குறவளும் இவதான், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும். தேதியைக் கிழிச்சுட்டுப் பழைய புயல் சேதியை இவரு கையில குடுத்துட்டா. சாக்கைக் கொட்டுங்க."

கொட்டினார்கள். அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே பொன் பொட்டு. சுற்றியிருந்தது அன்றைய தேதியிட்ட செய்தித்தாள்.

லோகாம்பாளை ஜீப்பில் ஏற்றிய பிறகு கூட்டம் தரையைப் பார்த்தது. நெய்னாவின் சட்டையை முதலில் பிடித்த முத்தையன் தலையைச் சொறிந்தான். "மனசுல வச்சுக்காதீங்க பாய். கடையைத் திறங்க, ஒரு டீ குடிப்போம். இன்னைக்கு என்ன சேதின்னும் படிச்சிடுங்க."

நெய்னா இரங்கிவிட்டார். அவர் கை கடைப் பூட்டுக்குப் போனது. ஆஸியா சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கொளுத்துறேன்னு சொன்ன கடையில என்ன டீ? நாளையிலேர்ந்து எங்க கடை வரிச்சிக்குடியில. சேதி வேணும்னா அங்க நடந்து வாங்க."

அவள் வடைச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நெய்னா பின்னாலேயே போனார்.