ஈரக் கால்

உத்தமபாளையத்தில் என் தம்பி கலீல் ரஹ்மான் பிடித்த வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. பழைய வீடு. செங்குத்தான படிக்கட்டு. வீட்டுக்காரர் நத்தர்ஷா அதன்மேல் வழுவழுவென்று கருப்பு கிரானைட்டை ஒட்டி வைத்திருந்தார். கைப்பிடி கிடையாது. தண்ணீர் வரும் ஒரே குழாய் மொட்டைமாடியில்.

"பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு இந்தப் படியில ஏறி எறங்கணுமாடா? கண்ண எங்கடா வச்சிருந்த?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு ஓட்டுவோம்க்கா" என்று திராட்சை லோடு ஏற்றக் கிளம்பிவிட்டான். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவன் மனைவி ரஃபியா வயிற்றில் தங்கிய பிள்ளை. அந்தக் கவலை அவனைவிட எனக்குத்தான் அதிகம் இருந்தது.

குடிவந்த மறுநாள் மத்தியானம் படிக்கட்டில் ஈரக் கால்தடம் பார்த்தேன். ரஃபியா கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் தொழுகைக்குக் கைகால் கழுவி இன்னும் ஒளு செய்யவில்லை. மாடிக்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

சின்னத் தடங்கள், பெண்ணின் கால். மேலிருந்து இறங்கி வந்து பாதிப்படியில் நின்றுவிட்டன. அதற்குக் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. கிணற்றுப் பாசியின் வாடை மட்டும் அடித்தது.

வீட்டு முன்பக்கம் தையல்கடை வைத்திருக்கும் ஜெபஷீலாவிடம் கேட்டேன். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"நத்தர்ஷா பாய் சம்சாரம் மெகருன்னிசாம்மா இங்கனதான் விழுந்தாக. கல்லு ஒட்டுன புதுசு. சாயங்கால அசர் தொழுகைக்கு மாடியில ஒளு செஞ்சு, ஈரக் காலோட எறங்குனாக. மண்டையில அடி, பொழைக்கல. ஈரக் காலாலதான் போனாகன்னு எல்லாரும் பேசி முடிச்சுட்டாக."

"அப்புறம்?"

அவள் குரல் இறங்கியது. "குடிவந்தவுகளும் விழுந்தாகக்கா. ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு போச்சு, இன்னொருத்தருக்கு மணிக்கட்டு. யாரோ ஈரக்கையால பிடிச்சாகளாம். இவுக பதறி உதறினாகளாம், விழுந்தாகளாம்."

வேறு வீடு பார்க்கும்வரை மாடிப்பக்கமே போகக்கூடாது என்று ரஃபியாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேகமலைப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. அடுப்படியிலிருந்து வெளியே வந்தால், ரஃபியா படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒளு செய்த ஈரக் கால். கை நிறையக் கொடியில் காய்ந்த துணி. வயிறும் துணியும் மறைத்ததில் அவளுக்குப் படியே தெரியவில்லை.

பாதிப்படியில் நின்றாள்.

துணியெல்லாம் சரிந்து விழுந்தது. அவள் வலது கை தானாகப் பின்னால் போயிருந்தது.

"மச்சி, கைய விடுங்க" என்றாள் மெதுவாக.

புருஷனின் அக்கா என்று அவள் மச்சி போடுவது என்னைத்தான். நான் கீழே நிற்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. பின்னால் திரும்பிப் பார்க்காமலே கையை இழுக்கத் தொடங்கினாள்.

அந்த ஈரத் தடங்கள் நின்ற படி அதுதான்.

"உதறாத! ரஃபியா, உதறாத!" என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் அசையவில்லை. கீழ்ப்படியில் வைத்திருந்த கால்விரல் மட்டும் அழுந்தியது. அந்தப் படியின் கிரானைட் பலகை மெல்ல ஆடியது. பிறகு முழுதாகப் பெயர்ந்து சறுக்கி, என் காலடியில் வந்து உடைந்தது.

அடியில் சிமெண்டே இல்லை. வெறும் மணல்.

ரஃபியா மேல்படியில் உட்கார்ந்து அழுதாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. துடைக்கத் துடைக்க ஈரம் ஊறியது.

அன்றே வீட்டைக் காலி செய்தோம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு கிடைத்தது. மாடி இல்லை, வாசற்படிகூட இல்லை. அங்கே பிறந்த பெண்பிள்ளைக்கு, தன்னை விழாமல் பிடித்து நிறுத்திய மெகருன்னிசாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ரஃபியா ஒற்றைக் காலில் நின்றாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

போன வாரம் குழந்தை முதன்முதலாக நடந்தது. குழாயில் தண்ணீர் வந்து நாலு நாளாகியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது.

குழந்தை ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி என்னை நோக்கி வந்தது. அதன் பக்கத்திலேயே, அதற்குச் சமமாக, ஒவ்வொன்றாகத் தரையில் ஈரத் தடங்கள் விழுந்தன.

பாசி வாடை அடித்தது.

நான் கையை நீட்டினேன். குழந்தை என்னிடம் ஓடி வரும் அவசரத்தில், தூக்கியிருந்த கையை வெடுக்கென்று உதறியது.

ஈரத் தடங்கள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, குழந்தையைத் தாண்டி, நீட்டியிருந்த என் கையை நோக்கி வரத் தொடங்கின.