ஆறாம் கட்டிலில் அசையாதவர்

"அய்யய்யோ...! பெரியவர் போயிட்டாரு...!"

மாடியிலிருந்து ஆயாவின் அலறல்!

ஆபீஸ் அறையில் டீயை வாய்க்குக் கொண்டுபோன மேடத்தின் கை அந்தரத்தில் நின்றது.

மேடம், முதியோர் காப்பகங்களைச் சோதித்து நட்சத்திரம் போடும் அதிகாரி. இந்தக் காப்பகத்துக்குப் போன வருஷம் ஐந்து நட்சத்திரம் போட்டதும் அவள்தான். அந்தப் பலகை வாசலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஓடினாள். பின்னால் தொந்தி குலுங்கக் காப்பக முதலாளி.

ஆறாம் கட்டில்.

தாடிக்காரக் கிழவர் ஒருவர். மூடிய கண்கள். பிளந்த வாய்...

"தொட்டுப் பார்த்தேன்... சில்லுனு இருக்குக்கா!" என்றாள் ஆயா.

முதலாளி அவசரமாகப் போர்வையை முகம்வரை இழுத்தார்.

"பாவம், பஸ் டிரைவரா இருந்தவர். பக்கவாதம். ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. முதுகுல ஒரு புண்ணு வர விடலை மேடம்! நேரம் வந்தா போகத்தானே வேணும்? நீங்க கீழ வாங்க, டீ ஆறிடும்."

மேடம் நகரவில்லை.

படுத்தே கிடப்பவரைப் புரட்டிப் போட்டு முதுகைப் பார்க்க வேண்டும். சோதனையின் முதல் பாடமே அதுதான். போன வருஷம் அவள் புரட்டவில்லை. வெள்ளை விரிப்பைப் பார்த்தாள், பினாயில் வாசனையை முகர்ந்தாள், மார்க் போட்டாள். இப்போது நெஞ்சுக்குள் ஏதோ முள்ளாய்க் குத்தியது.

"ஆயா, ஒரு கை பிடிங்க. திருப்பணும்."

"செத்தவரை எதுக்கு மேடம்...?" முதலாளி குறுக்கிட்டார்.

"பிடிங்கன்னு சொன்னேன்!"

புரட்டினார்கள். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் பிடரியில்...

தடித்துக் கறுத்த காய்ப்பு!

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். அவர் பிடரியிலும் அதே இடத்தில் அதே காய்ப்பு. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிட்ட கை மறக்குமா?

பாதத்தைப் பார்த்தாள். வெடித்த குதிகால். வெடிப்புக்குள் புதுச் சேறு!

"ரெண்டு வருஷமா படுத்திருக்கிறவர் கால்ல சேறு எப்படி வந்துச்சு? பஸ் டிரைவர் பிடரியால வண்டி ஓட்டினாரா?"



மேடத்தின் விரல்கள் கிழவரின் கழுத்தைத் தேடின. இல்லை... இல்லை... இருக்கிறது! மெலிசாக ஒரு துடிப்பு!

"உயிர் இருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"மேடம், நாம பேசித் தீர்த்துக்கலாம்..."

அவளே போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ். அடுத்து போலீஸ். முதலாளி பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

"யார் இந்த ஆள்? நிஜமான டிரைவர் எங்கே?"

ஆயா உடைந்தாள்.

"மூட்டை தூக்குறவர்க்கா... சோதனை அன்னைக்கு மட்டும் வந்து படுப்பாரு. போன தடவை நடுவுல தும்மிட்டாரு. அதான் இந்த வாட்டி முதலாளியே தூக்க ஊசி போட்டாரு... டோஸ் ஏறிடுச்சு போல!"

"டிரைவர் எங்கேன்னு கேட்டேன்!"

"கீழ... துணி துவைக்கிற ரூம்ல..."

"எப்போலேருந்து?"

ஆயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க நேத்து போன் பண்ணினதுலேருந்து. நீங்க எப்பவும் முன்னாடியே சொல்லிட்டுத்தானேக்கா வருவீங்க..."

மேடத்தின் முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. சொல்லாமல் போய் நிற்பது மரியாதை இல்லை என்று நினைப்பவள் அவள். அந்த மரியாதை ஒரு மனுஷனைக் கொண்டுபோய் எங்கே போட்டிருக்கிறது!

துணி அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அழுக்குத் துணிக் குவியலுக்கு நடுவே, வெறுந்தரையில் ஓர் எலும்புக்கூடு. கண்கள் மட்டும் உயிரோடு. முதுகுப் புண்ணில் சட்டை ஒட்டிக் கிடந்தது.

"ஐயா..." மண்டியிட்டாள்.

பக்கவாதத்தால் கோணிய வாய் மெல்ல அசைந்தது.

"இந்தக் குரல்... போன வருஷமும் கேட்டுச்சும்மா. கதவுக்கு அந்தப் பக்கம். குவளையால தரையில தட்டினேன்... தட்டிக்கிட்டே இருந்தேன்..."

மேடத்துக்கு நினைவு வந்தது.

டொக்... டொக்... டொக்...

'வாஷிங் மெஷின் கொஞ்சம் மக்கர் மேடம்!' என்றார் முதலாளி. 'மாத்திடுங்க சார்' என்று சிரித்துவிட்டு நகர்ந்தாள்!

"மன்னிச்சிடுங்கய்யா..."

"தண்ணி குடும்மா மொதல்ல" என்றார் டிரைவர்.

சாயங்காலம். ஆஸ்பத்திரி வார்டு.

முதலாளி லாக்கப்பில். டிரைவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார், முதுகில் புதுக் கட்டு. பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் மூட்டைக்காரர் கண் விழித்தார்.

"ஏன்யா இந்த வேலைக்கு ஒத்துக்கிட்டீங்க?" மேடம் கேட்டாள்.

"ஆயுசு பூரா முதுகொடியச் சம்பாதிச்சவன்மா. படுத்தா கூலின்னா விடுவேனா?"

"உங்க பொய்யால ஒரு மனுஷன் சாகக் கிடந்தாரு. மனசு உறுத்தலையா?"

"உறுத்துச்சே! போன வருஷம் உங்களுக்குக் கண்ணைக் காட்டினேன், ஜாடை புரியும்னு. நீங்க 'பெரியவர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்'னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க!"



மூட்டைக்காரர் கொட்டாவி விட்டார்.

"போகட்டும் விடுங்கம்மா... நானாச்சும் படுத்துக்கிட்டுத் தூங்கினேன். நீங்க நின்னுக்கிட்டேல்ல தூங்கினீங்க!"