விற்றுப்போன பட்டு

அன்று மாலை ஷட்டரைப் பாதி இறக்கியபோது கடைக்குள் இருந்தவர்கள்: கம்ப்யூட்டர் முன்னால் பில்லிங் நந்தினி. அவள் பக்கத்தில், டேக் கம்பெனி அனுப்பிச் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கலையரசன். படிக்கட்டின் கீழே ஸ்டூலில் வாட்ச்மேன் சடையன். ஸ்டாக் சூப்பர்வைசர் மாறன். பிறகு மூன்று மாடிகளிலும் பொம்மைகள். பொம்மைகளுக்குத் தலை கிடையாது. அதனால் மாறன் அவற்றை மட்டும் ஓரளவு மதித்தான்.

முதலாளி ராஜேந்திரன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் யாரோ ஆபீசரைப் பார்க்கப் போயிருந்தார். ஸ்டாக் முடிவதற்குள் வந்துவிடுவார்.

வெளியே கிரிவலம் போகும் பௌர்ணமிக் கூட்டம் செருப்பில்லாமல் தேரடித் தெருவில் நகர்ந்துகொண்டிருந்தது. 'தண்ணி பாட்டில் வாங்குவானுங்க, கற்பூரம் வாங்குவானுங்க, புடவை வாங்குவானுங்களா?' என்று முதலாளி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அலுத்துக்கொள்வார். அதனால்தான் கடையை மூடி ஸ்டாக் எடுக்க இந்த நாளைப் பிடித்திருந்தார்.

முன்பெல்லாம் பெண்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் எண்ணுவார்கள். இப்போது துப்பாக்கி மாதிரி ஒரு ரீடர். அதைப் பிடித்துக்கொண்டு ரேக்குகளுக்கு நடுவே நடந்தால் போதும். ஒவ்வொரு துணியிலும் இருக்கும் டேக் ரேடியோ அலையில் தானாகப் பதில் சொல்லும். துணியைத் தொடக்கூட வேண்டாம்.

"சார், ஒண்ணு ஜாஸ்தி காட்டுது" என்றாள் நந்தினி.

கம்மியானால் திருட்டு. அது எல்லாக் கடையிலும் உண்டு. ஜாஸ்தியானால் என்னவென்று யாருக்கும் தெரியாது, மாறனைத் தவிர.

"மூணாவது மாடி. மயில்கழுத்துக் கலர் பட்டு. வித்தாச்சுன்னு இருக்குது. ஆனா உள்ளதான் இருக்குதாம்."

"மிஷினு தப்பா காட்டுது."

"மிஷினு தப்பா காட்டாதுங்க" என்றான் கலையரசன், சமோசாவை மென்றபடி. "வித்த புடவை திரும்ப வந்திருக்கு."

"டேகை வெட்டிட்டா எப்படி காட்டும்?"

"நீங்க வெட்டுறது அட்டைங்க. அது சும்மா விலைச்சீட்டு. அசல் டேக் முந்தானைத் தையலுக்குள்ள இருக்குது, நூலாட்டம். பிரிச்சாத்தான் வரும். டிரெய்னிங்ல சொன்னேனே, நீங்க போன் பாத்துட்டு இருந்தீங்க."

நந்தினி சிரித்தாள். "இன்னா சார், மூஞ்சி இப்படி வேர்க்குது? ஏசியை இப்பதானே ஆஃப் பண்ணேன்?"

மாறன் ரீடரைப் பிடுங்கிக்கொண்டான். "நானே பாக்குறேன். எவனும் மேல வர வேணாம்."

விஷயம் இதுதான். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் கோடி போடுவார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் காபி கொடுக்காதவள்கூடப் பிணத்தின் மேல் புதுப் புடவையைப் போர்த்திவிட்டு மூக்கைச் சிந்துவாள். மார்பின் மேல் அடுக்கடுக்காகச் சேரும். சுடுகாட்டில் அதையெல்லாம் எடுத்து ஓரமாகப் போடுவார்கள். குழி வெட்டுகிறவனுக்கு அது. ராத்திரியில் கடைக்குக் காவல் இருக்கும் சடையன், பகலில் கூப்பிட்டால் குழி வெட்டுவான். மாறன் அவனிடம் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, புது அட்டை கட்டி மறுபடி ரேக்கில் வைத்தான். கல்யாணத்துக்கு வாங்கிப் போனார்கள். 'என்னா சாஃப்ட்டு' என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த நேரங்களில் ஊரையே நினைத்து மாறனுக்குச் சிரிப்பு வரும்.

ஊருக்குத் தெரிந்தால் அடித்தே கொல்வார்கள். போலீஸ் அதற்கப்புறம்தான். மற்றதெல்லாம் விற்றாகிவிட்டது. மிச்சம் இந்த ஒன்று. முதலாளி வந்து 'இது யாருக்கு வித்தது, பில்லை எடு' என்று கேட்பதற்குள் அந்தத் தையலைப் பிரித்துவிட வேண்டும்.

படிக்கட்டில் சடையன் எழுந்து வழியை மறித்தான்.

"சார், மேல போவாதீங்க. காலையில பாத்துக்கலாம்."

"ஏன்யா?"

"நேத்து ராத்திரி மூணாவது மாடியில சத்தம். எதையோ தூக்கித் தூக்கிப் போடுறாப்ல."

"எலியா இருக்கும்."

"எலிக்கு அம்மாங் கனம் இல்லீங்க."

"குடிக்கிறதைக் கம்மி பண்ணு. சத்தமும் கம்மியாவும்" என்று அவனைத் தள்ளிக்கொண்டு மாறன் ஏறினான்.

பட்டு மாடியில் செருப்புக் கூடாது. கடைசிப் படியில் கழற்றிவிட்டான். ஒரே ஒரு ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, மற்றதெல்லாம் முதலாளியின் சிக்கனத்துக்குப் போய்விட்டது. கண்ணாடி அலமாரிகளில் பட்டுகள் அடுக்கடுக்காக மங்கலாக மின்ன, காற்றில்லாத அந்த நீள ஹாலில் கஞ்சிப் பசையின் வாடையும் நாஃப்தலீன் உருண்டையின் வாடையும் நின்றன. அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, மழை விட்ட மறுநாள் தோண்டிய மண்ணின் வாடை, தரையோடு தரையாக ஊர்ந்து அவன் கணுக்காலைத் தொட்டது. வெளியே ஆயிரக்கணக்கான வெறுங்கால்களின் சரசரப்பு, தூரத்தில் எங்கேயோ அரிசி களைவது போல, நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஒரு டேகை மட்டும் தேடும்படி வைத்திருந்த ரீடர் மெதுவாக டிக்கென்றது. பக்கத்தில் போகப் போக வேகமாக அடிக்கும்.

புடவையை அவன் பின்பக்கத் தையல் மேசைக்கடியில் மஞ்சப்பையில் வைத்திருந்தான். எத்தனை தடவை துவைத்தும் அந்த மண் வாடை போகாததால் அது விலை போகவில்லை. ஜோதியம்மாளின் புடவை. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தனியாகக் கிடந்து செத்தவள். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் அவளுக்கு இந்தக் கடையிலேயே இருப்பதிலேயே விலை ஜாஸ்தியான பட்டை வாங்கினான். உயிரோடு இருந்தபோது போன் பண்ணாததற்கு வட்டி. அந்தப் பட்டை அவளுக்குக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். மழை பிடித்ததும், ஃப்ளைட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, குழி மூடுவதற்குள் மகன் போய்விட்டான். சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் போவதுதான் வழக்கம். அந்த வழக்கம் மாறனுக்கு வசதியாக இருந்தது.

"மேல போட்டதை எடுக்கலாம் சார். கட்டினதை எடுக்கக் கூடாது" என்று சடையன் அன்றைக்கு மழையில் நின்று அழாத குறையாகச் சொன்னான். எடுத்தார்கள். மண்ணைத் தள்ளும்போது மறுபடி நிறுத்தினான். "கால்கட்டை அவுக்கல சார். கட்டைவிரலு ரெண்டும் கட்டியே கிடக்குது. அவுத்துட்டுத்தான் மூடணும்."

"மூடுய்யா" என்றான் மாறன். "அவ எங்க நடக்கப் போறா?"

பட்டென்று ஒரு சத்தம்.

மாறன் நின்றான். பின்பக்கத்திலிருந்து, துணிக்கட்டு ஒன்று தரையில் விழுந்ததுபோல. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி, பொத். அதே கனம்.

"எவன்டா அது?"

அலமாரியிலிருந்து ஏதோ சரிந்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு தையல் மேசைக்குப் போனான். குனிந்து மஞ்சப்பையை இழுத்தான். காலி. பையின் உட்புறம் ஈரமாக இருந்தது. கையை எடுத்தபோது விரல்களில் செம்மண்.

டிக். டிக். ரீடர் திசை மாறியிருந்தது. இடதுபக்கம் திருப்பினால் குறைந்தது. ஹாலின் கோடியில் இருந்த டிரையல் ரூம்களைப் பார்த்துத் திருப்பினால் வேகமாக அடித்தது. நந்தினிதான். அவளோ அந்தச் சமோசாக்காரனோ முன்னமே எடுத்து ஒளித்து வைத்து விளையாடுகிறார்கள். இரண்டு பேரையும் நாளைக்கே வேலையை விட்டுத் துரத்துவேன் என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனை நாலு எட்டு நடக்க வைத்தது.

பொத்.

இப்போது பின்னால். தையல் மேசைப் பக்கம்.

ரீடர் முன்னால் அடித்தது. சத்தம் பின்னால் வந்தது. அப்படியானால் அவை இரண்டும் வேறு வேறு. புடவை முன்னால் இருக்கிறது. பின்னால் இருப்பது புடவை இல்லை.

பொத். இடைவெளி. பொத்.

துணிக்கட்டு இல்லை. துணிக்கட்டு விழும், அங்கேயே கிடக்கும். இது எழும்பி விழுகிறது. விழுந்து, நின்று, மறுபடி எழும்புகிறது. இரண்டு பாதங்கள். ஒரே நேரத்தில்.

ட்யூப் லைட் மினுக்கியது. அலமாரிக் கண்ணாடியில் வெளுத்து உயரமாக ஏதோ குதித்தது. துணியில்லாமல்.

மாறன் கத்தினான். தெருவில் கூட்டம் அண்ணாமலையாருக்கு அரோகரா போட்டது. அவன் குரல் அதில் போய்விட்டது.

படிக்கட்டு சத்தத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடினான். நடு டிரையல் ரூமுக்குள் விழுந்து கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டான். கதவுக்கு வெளியேயும் ஒரு தாழ்ப்பாளும் பூட்டும் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் பையன்கள் உள்ளே படுத்துத் தூங்குகிறார்கள் என்று மாறன்தான் போடச் சொன்னான்.

ரீடர் விடாமல் ஒரே சத்தமாக அலறியது. கண்ணாடியில் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால், கொக்கியில், மயில்கழுத்துப் பட்டு. மடிப்புக் கலையாமல்.

பொத். பொத்.

கதவுக்கு வெளியே நின்றது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஊறி வெளுத்தவை. நகங்களுக்குள் மண். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கீற்று. இறுக்கமான முடிச்சு.

"எடுத்துக்கம்மா" என்றான். வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "உன்னுதுதான். எடுத்துக்க."

பட்டைக் கதவுக்கு மேலாக வீசினான். பாதி அந்தப் பக்கம் தொங்கியது. பிறகு, அவசரமில்லாமல், முழுவதும் இழுபட்டுப் போனது.

சரசரப்பு. ஒரு சுற்று. கொசுவம் எடுக்கும் ஓசை, மடிப்பு மடிப்பாக. மடித்ததைச் செருகும் ஓசை. முந்தானையைத் தோளில் வீசும் ஓசை.

ரீடர் அடங்கியது.

இடைவெளியில் இப்போது புடவைக் கரை மட்டும். அது அசைந்தது. ஒரு காலடி. அதன் பிறகு இன்னொரு காலடி. இடது. வலது. எல்லாரும் நடப்பதுபோல.

மாறனுக்கு மூச்சு வந்தது. சிரிப்புகூட வந்தது. நடக்கிறாள். நடந்து போய்த் தொலையட்டும். உள்தாழ்ப்பாளை நீக்கக் கையை நீட்டி, இடது காலை எடுத்து வைத்தான்.

வலது காலும் கூடவே வந்தது.

முகம் கதவில் மோத விழுந்தான். ரீடர் திரையின் நீல வெளிச்சத்தில் தன் வெறுங்கால்களைப் பார்த்தான். கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. நடுவே வெள்ளைத் துணிக் கீற்று. மண் ஈரம். முடிச்சு நகம் புக முடியாத இறுக்கம்.

வெளியே காலடிகள் திரும்பி வந்தன. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டு.