வெள்ளைத் துணி

காளியம்மாவுக்குத் தன் சித்தப்பா ஜெயபாலன் மீது பாசம் அதிகம். நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு. போன மாதம் அவர் ரேடியோவைப் பிரித்து மாட்டினார். கையில் இரண்டு திருகாணிகள் மிஞ்சின. ரேடியோ அன்றோடு ஊமையாகிவிட்டது.

இன்று சித்தப்பா சிலிபினில் உள்ள அவர்கள் வீட்டு வாசலில், பழைய டட்சன் காரின் முன்சக்கரங்களைக் கழற்றிப் போட்டிருந்தார். பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதியவற்றை மாட்டியதும் பீடோரில் நடக்கும் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும்.

புது டிஸ்க் சாப்பாட்டுத் தட்டு போலப் பளபளத்தது. காளியம்மா தொட்டாள். விரல் வழுக்கியது.

"சித்தப்பா, இதுல எண்ணெய் இருக்கு."

"துரு பிடிக்காம இருக்கத் தடவியிருக்காங்க லா. மாட்டுறதுக்கு முன்னாடி துடைச்சிடணும். இல்லாட்டி பிரேக் சரியா பிடிக்காது."

துடைப்பதற்காக அம்மா கொடுத்த வெள்ளைத் துணி பக்கத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஐயாவு மாமா, செம்பருத்தி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். நேற்றைய பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. சித்தப்பாவின் வாயும் கையும் வேகவேகமாக ஓடின.

காளியம்மா உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது, சக்கரங்களை மாட்டியாகிவிட்டது.

"துடைச்சீங்களா?"

"எல்லாம் துடைச்சாச்சு. ஏறு!"

காளியம்மா ஏறவில்லை. துணியை எடுத்துப் பார்த்தாள். மடிப்புக்கூடக் கலையாமல் வெள்ளைவெளேர் என்று இருந்தது.

"நேரமாச்சு காளி!" என்றார் அம்மா.

"அம்மா, நீங்களும் ஏறாதீங்க. சித்தப்பா மட்டும் முதல்ல மெதுவா ஓட்டட்டும்."

"என்மேல சந்தேகமா?"

"ஆமா."

சித்தப்பா சிரித்துக்கொண்டே காரை நகர்த்தினார். வாசலைத் தாண்டியதும் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. பதறிப்போய் ஓங்கி மிதித்தார். கார் தயங்கித் தயங்கி நகர்ந்து, எதிர்வீட்டு வேலிக்குள் மூக்கை நுழைத்த பிறகுதான் நின்றது.

"பூ வேணும்னா கேட்டு வாங்கலாமே, ஜெயபாலா!" என்றார் ஐயாவு மாமா.

சித்தப்பா மெல்ல இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "துடைச்சேன்னுதான்... நெனச்சேன்" என்றார்.

காளியம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். உள்ளே ஓடி ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

சக்கரங்கள் மறுபடியும் கழன்றன. டிஸ்க் இரண்டையும் சித்தப்பா கழுவ, காளியம்மா துடைத்தாள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளிலும் எண்ணெய் படிந்திருந்தது. "இது இனி உதவாது" என்று சித்தப்பா ஓடிப்போய்ப் புதியவை வாங்கி வந்து மாட்டினார். வெள்ளைத் துணி கறுப்புத் துணியானது.

சித்தப்பா மறுபடியும் தனியாக ஓட்டினார். மிதித்தார். கார் சொன்ன இடத்தில் டக்கென்று நின்றது.

கதவைத் திறந்து, "இப்ப ஏறலாமா மேடம்?" என்று கேட்டார்.

காளியம்மா ஒரு கணம் யோசித்தாள்.

"இன்னும் ஒரு தடவை, சித்தப்பா."

சித்தப்பா கதவைச் சாத்திவிட்டுக் காரைப் பின்னால் எடுத்தார்.