மூன்று தோலுக்கு அப்பால்

தோட்டாக்களில் களிம்பு ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்துத் தேக்குப் பெட்டியைத் திறந்த ஆதிகேசவன், முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு பித்தளைக் குப்பியின் இடுப்பிலும் பச்சையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல உருண்டு வந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் தோட்டாவைச் செருகி வைத்தால் இப்படி ஆகும். தோலில் தங்கிய பட்டைச்சாறு பித்தளையைத் தின்றுவிடும். ரிவால்வர் பைத்தியம் பிடித்தவன் எவனும் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. அதனால்தான் அவர் இடுப்புவார் பக்கமே போகாமல், உள்ளே பிளானல் துணி ஒட்டிய பெட்டி செய்து வைத்திருந்தார். அதற்குள் தோல் என்று ஒரு துண்டு போனதில்லை. போன வாரம் துடைத்து வைத்தபோது முப்பத்தாறும் பளபளவென்று இருந்தன.

பெட்டிக்குள் குனிந்து முகர்ந்தார். ஈரத்தோல் வாசனை. அதற்கு அடியில் பட்டைச்சாற்றின் துவர்ப்பு, நாக்கில் படுகிற அளவுக்கு.

ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் ஷாப்பின் முற்றத்தைப் பார்த்தார். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்று மணலை ஒட்டி இருந்த அந்தத் தோல் ஷாப்பு, சீமையில் விலை விழுந்ததால் பொங்கலோடு மூடப்பட்டுவிட்டது. தோலைச் சாற்றில் ஊறப்போடுகிற பட்டைக் குழிகள் ஆறு மாதமாகக் காய்ந்து கிடந்தன. அவர் குடியிருந்தது அதே வளாகத்தின் முன்பக்கத்து வீட்டில். மனைவி பெண்ணின் பிரசவத்துக்காகச் சித்தூர் போயிருந்தாள். காவலுக்கு ஓர் ஆள் இருந்தான், கன்னியப்பன். இப்போது அவனும் இல்லை.

கன்னியப்பன் இல்லாமல் போன கதை அந்தத் தோட்டாவில்தான் இருக்கிறது.

ஆதிகேசவன் இருபத்தெட்டு வருஷம் போலீசில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மனிதர். அவர் வயதுக்காரர்கள் பேரன் பேத்தியைப் பற்றிப் பேசினால், இவர் நாலு ஐம்பத்தைந்து அளவுத் தோட்டாவைப் பற்றிப் பேசுவார். குட்டையான, பருத்த தோட்டா. கட்டைவிரல் நுனி அளவுக்கு ஈயம். வேகம் கம்மி, ஆனால் வந்து விழுந்தால் ஆளை உட்கார வைத்துவிடும் என்று சொல்லும்போது அவர் குரலே குழையும். அதற்கென்றே செய்த வெப்ளி ரிவால்வரைத் தினம் ஒருமுறை கையில் எடுத்து எடை பார்க்காமல் தூங்கமாட்டார். ராணுவமே இதைவிட்டுச் சின்னத் தோட்டாவுக்கு மாறப்போகிறது என்று அந்த வருஷம், முப்பத்திரண்டில், பத்திரிகையில் படித்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தோல் ஷாப்பு முதலாளி அதாவுல்லா சாயபுவும் இதே பைத்தியம்தான். வம்புக்கென்றே சின்னத் தோட்டாவின் பக்கம் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்த எருமைத் தோல்களை நனைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை மரச்சட்டத்தில் கட்டச் சொன்னார்.

"உங்க நாலு அம்பத்தஞ்சு இந்த மூணையும் தாண்டட்டும், இன்ஸ்பெக்டர் சாப். தாண்டினா ஒரு பெட்டி தோட்டா நான் வாங்கித் தர்றேன். நமாஸ் முடிச்சிட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

கடைசித் தோலின் கயிறு நழுவியது. இறுக்கிக் கட்டக் கன்னியப்பன் பின்னால் போயிருந்தான். ஆதிகேசவன் "தள்ளு!" என்று கத்தினார். பதிலுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை. அவ்வளவு ஆசை.

புகை கலைந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஓட்டைகளை எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. துள்ளிக் குதித்தார் அந்த மனிதர். அதற்குப் பிறகுதான் நாலாவதைப் பார்த்தார்.

கைத்தவறு என்று எழுதிக் கொடுத்திருந்தால் சர்க்கார் அவரை விட்டிருக்கும். ஆனால் லைசென்ஸை ரத்து செய்திருக்கும். ரிவால்வரை வேலூருக்குக் கொண்டுபோய் ஏதோ ஓர் அலமாரியில் பூட்டியிருக்கும். அதை நினைத்தார். அதை மட்டும்தான் நினைத்தார். கன்னியப்பனைக் கடைக்கோடிச் சுண்ணாம்புக் குழிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆழத்தில் தள்ளி, மேலே நாலு கூடை சுண்ணாம்பைக் கொட்டினார். தரையைக் கழுவினார். திரும்பி வந்த அதாவுல்லாவிடம் "மூணு தோலு!" என்று விரலைக் காட்டினார். ஒரு பெட்டி தோட்டாவும் வாங்கிக்கொண்டார். மறுவாரம் சாயபு சென்னைக்குப் போய்விட்டார். கன்னியப்பன் கோலார் தங்கவயலுக்கு ஓடிவிட்டான் என்று ஊரில் சொல்லியாயிற்று. அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அங்கேதான் ஓடுகிறார்கள், யாரும் சந்தேகப்படவில்லை.

சுண்ணாம்பு பிணத்தைத் தின்றுவிடும் என்று போலீஸ்காரர்கள் பேசிக் கேட்டிருந்தார். தோல் ஷாப்பிலேயே குடியிருந்தும் அதன் வேலையை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை, நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆம்பூரில் எந்தக் கூலிக்காரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். சுண்ணாம்பு தோலைத் தின்னாது. மயிரைக் கழற்றும். தோலை உப்பவைத்து, சுத்தமாக்கி, அடுத்த குழிக்குத் தயாராக்கும்.

பதினோரு மணிக்குப் பூவம்மாள் வந்தாள். கன்னியப்பனின் மனைவி. ஐந்து வாரமாக வெள்ளிக்கிழமை தோறும் வருகிறாள். வாசற்படிக்குக் கீழே நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எங்க வூட்டுக்காரு எங்க போய்ட்டாருங்க ஐயா?"

"கோலார்னு எத்தினி வாட்டி சொல்றது?" தோட்டாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நிமிரவில்லை.

"செருப்பும் வெத்தலப் பையும் இங்கியே கெடக்குதே. கால்ல செருப்பில்லாம கோலாருக்குப் போவாரா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். அவள் கைகள் முழங்கைவரை செம்பழுப்பாக இருந்தன. பட்டைக் குழியில் நாள்கணக்காகக் கையை விட்டவர்களுக்குத்தான் அந்தச் சாயம் ஏறும்.

"எங்க வேலைக்குப் போற?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்லீங்க. சொந்த வேலை."

அவள் தெருமுனை தாண்டும்வரை பார்த்திருந்தார். பிறகு ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். வெயில் சுட்டது. கடைக்கோடிச் சுண்ணாம்புக் குழியில் மூங்கிலை விட்டுத் துழாவினார். இந்த மூலை. அந்த மூலை. அடித்தளத்துக் கல்லில் மூங்கில் டொக்கென்று இடித்தது. வேறெதிலும் இடிக்கவில்லை.

பக்கத்திலிருந்த பட்டைக் குழி நிறைந்திருந்தது.

கருஞ்சிவப்பில் அடர்ந்த சாறு, மேலே மிதக்கிற பட்டைத் துணுக்குகள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஏதோ ஒன்று தானாக மெல்லப் புரண்டு, பழுப்பாய் ஒரு விளிம்பைக் காட்டியது. விளிம்பில் ஐந்து விரல்கள். எலும்பில்லாத விரல்கள். தட்டையாக விரிந்து, சாற்றின்மேல் ஒருமுறை படிந்து, உள்ளே போயின.

மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடினார். தாழ்ப்பாள் போட்டார். யாரைக் கூப்பிடுவது? போலீசையா? அவரே போலீஸ்தானே. ஊரைவிட்டுப் போகவும் முடியாது. போனால் யாராவது குழியை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு தூக்குக் கயிறு. மனைவிக்கு மட்டும் இப்போது வரவேண்டாம் என்று கடிதம் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அதற்குப் பிறகு வாசனைதான் அவருக்கு நாள்காட்டி ஆயிற்று. பத்து நாள் பட்டையின் துவர்ப்பு, சோற்றில், தண்ணீர்ச் செம்பில், தலையணை உறையில். பிறகு ஒரு காலையில் அது மாறியது. கடுக்காய். பட்டைக்குப் பிறகு கடுக்காய் என்பது மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அவருக்கும் தெரியும். கடுக்காய்க்குப் பிறகு எண்ணெய். எண்ணெய்க்குப் பிறகு? அதை யோசிக்கும்போதெல்லாம் எழுந்து கதவுகளைச் சரிபார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு மண்கலயத்தோடு வந்தாள்.

"ஐயா, கிடங்குல புங்கெண்ணெய் இருக்குமே. ஒரு படி குடுங்க."

எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எப்படியாவது அவள் போய்த் தொலைந்தால் போதும். அவரே ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவள் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. வெறுப்பு மட்டும், காய்ந்து கெட்டிப்பட்டு.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல ஐயா. உங்க வாயால ஒரே ஒரு வாட்டி சொல்லிடுங்க. அவர இன்னா பண்ணீங்க?"

சொல்லியிருக்கலாம். உதடுவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண் மேசைக்குப் போனது. வெள்ளைத் துணியில் எண்ணெய் பூசிய ரிவால்வர்.

"கோலார்" என்றார்.

"சரிங்க ஐயா."

குனிந்து வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளினாள். அவர் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். ஒரு வார்த்தை வரவில்லை அவள் வாயிலிருந்து. வாய்விட்டுச் சபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

ஏழு நாள் வீடு முழுக்கப் புங்கெண்ணெய் நாறியது. பிறகு அதுவும் நின்றது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது எந்த வாசனையும் இல்லை. ஒன்றுமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. வேலை முடிந்துவிட்டது.

உச்சிவெயில். ஊருக்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அது ஓய்ந்ததும் முற்றத்திலிருந்து பூவம்மாளின் குரல் கேட்டது. பண்டிகைக்கு விருந்து வந்ததைச் சொல்வதுபோல, எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மலர்ச்சி அந்தக் குரலில்.

"ஐயா! எங்க வூட்டுக்காரு வந்துட்டாரு!"

ரிவால்வரை நடுவில் மடக்கித் திறந்தார். ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவார், சுத்தியலுக்கு அடியில் உள்ளதைக் காலியாக விடுவார். கை பழக்கத்தில் அப்படியே செய்தது. தோட்டாக்கள் விரலில் பச்சையாக ஒட்டின. மூடினார். பின்கதவைப் பார்த்துச் சுவரோரம் நின்றார்.

உள்ளே போட்ட தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு திறந்தது. வெயிலில் கண் கூசியது.

வாசல் நிறைய நின்றிருந்தது. பழுப்பு நிறம். மயிர் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் மினுமினுப்பு. தோள்கள் இருந்தன, தோளுக்குள் ஒன்றும் இல்லை. கண் இருந்த இடத்தில் வெயில். நெஞ்சின் நடுவில் கட்டைவிரல் அளவு ஓட்டை, அதன் வழியாகவும் வெயில்.

சுட்டார். நல்ல குறி, பழைய இன்ஸ்பெக்டர் அல்லவா. இரண்டு. மூன்று. வீடு அதிர்ந்தது. நான்கு. ஐந்து.

அது உட்காரவில்லை. தள்ளாடவில்லை. துணிபோல லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.

ஓட்டைகள் ஆறாயின. ஆறு வெளிச்சப் பொட்டுகள் தரையில் விழுந்தன. தரையில் நகர்ந்தன. காலடிச் சத்தம் இல்லை. வெறும் உராய்வு. அவர் வேட்டியில் ஏறின. வயிற்றில். நெஞ்சில்.

விசையை மறுபடி இழுத்தார். டிக்.

மிருதுவான ஒன்று மணிக்கட்டைச் சுற்றியது. எவ்வளவு மிருது. பதம் தவறாமல் பதனிட்டிருந்தார்கள்.

"சொல்லிடறேன்" என்றார். "சொல்லிடறேன், பூவம்மா. சொல்லிடறேன்."

முற்றத்தில் யாரோ கூடை கூடையாகக் கொட்டுகிற சத்தம். குடத்துத் தண்ணீர் விழுகிற சத்தம். உடனே புதுச் சுண்ணாம்பு நீறத் தொடங்கியது. உஸ்ஸென்று இரைந்து, கொதித்து, குழி முழுக்க வெள்ளை ஆவி எழும்பி, வாசல்வரை வந்தது. ஆவிக்கு நடுவே பூவம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மயிர் சீவுகிற மொட்டைக் கத்தியைக் குழியின் கல்விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

"கூட்டியாங்க" என்றாள் தன் கணவனிடம். "குழி தயார்."